புத்தக அலமாரி செய்ய எந்த மரம் நல்லது?

தேக்கா, பிளைவுட்டா, பார்ட்டிகிள் போர்டா (மரத்தூளையும் சிறு துண்டுகளையும் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு தட்டு எத்தனை அடி நீளம் என்பதை முடிவு செய்துவிடுங்கள். புத்தகம் துணிமணி மாதிரி இல்லை. நெருக்கி அடுக்கினால் அடிக்கு ஏறக்குறைய 10 கிலோ வரும். கெட்டி அட்டை என்றால் இன்னும் கூடும்.

என் முதல் அலமாரி பார்ட்டிகிள் போர்டு, தட்டு 4 அடி. ஆறேழு மாதம் கழித்து ஒருநாள் பார்த்தால், இரண்டு ஓரத்துப் புத்தகங்களும் நடுவை நோக்கிச் சாய்ந்து நிற்கின்றன. நூல் பிடித்துப் பார்த்தேன், நடுவில் ஒரு விரல் தடிமனுக்குத் தொய்வு. சரி என்று தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன், அந்தப் பக்கமும் தொய்ந்தது. கழற்றி மாட்டியதில் திருகுத் துளையிலிருந்து மாவாக உதிர்ந்தது. அப்புறம் திருகு பிடிக்கவே இல்லை.

தொய்வின் கணக்கு அப்படி. அதே நெருக்கத்தில் புத்தகம் அடுக்கி, தட்டின் நீளத்தை மட்டும் இரட்டித்தால் தொய்வு 16 மடங்காகும். தடிமனை இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகக் குறையும். 4 அடித் தட்டுக்கு நடுவில் ஒரு தாங்குபலகை கொடுத்திருந்தால் என் பழைய அலமாரியே இன்னும் சில வருடம் நின்றிருக்கும்.

இப்போது வைத்திருப்பது 18 மி.மீ. பிளைவுட், தட்டு இரண்டரை அடிக்குள். பிளைவுட்டின் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய மரத்தாளின் ரேகை நீளவாக்கில் ஓடும்படி அறுக்கச் சொல்லுங்கள், குறுக்காக ஓடினால் பலம் குறைவு. முன் விளிம்பில் ஒன்றரை அங்குல மரச்சட்டத்தை நிறுத்தி ஒட்டினால் தட்டு நன்றாக விறைத்துக்கொள்ளும், பிளைவுட்டின் அறுத்த ஓரமும் மறைந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பேன்.

தேக்கு வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பெயரை மட்டும் பார்க்காமல் பலகையைப் பாருங்கள். கரையானைத் தாங்குவது மரத்தின் உட்புறத்தில் வைரம் பாய்ந்த பகுதிதான். ஓரத்தில் வெளிறிய நிறத்தில் மரம் தெரிந்தால் அந்த இடத்தைப் பூச்சி துளைக்கும், அறுத்து எறிந்துவிடச் சொல்லுங்கள். சரியாகக் காயாத பலகை, தேக்கே ஆனாலும், பின்னால் வளையும், வெடிக்கும்.

எம்.டி.எஃப். (மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) பெயின்ட் அடிக்க வழவழப்பாக இருக்கும். கதவுக்கும் பின்பலகைக்கும் வைத்துக்கொள்ளலாம், சுமை தாங்கும் தட்டுக்கு வேண்டாம்.