கம்ப்யூட்டர் சீட்டு மட்டும் போதுமா? கான்டாக்ட் லென்ஸ் அணியும் முன் செய்ய வேண்டிய கண் பரிசோதனைகள்

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடத்தில் வசிக்கிறோம். என் மகளுக்கு இருபது வயது. ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை கண்ணாடி மாற்றியாகிவிட்டது. இப்போது வலக் கண்ணுக்கு மைனஸ் 5.00, இடக் கண்ணுக்கு மைனஸ் 5.50, அத்துடன் சிலிண்டர் 2.00 என்று எழுதியிருக்கிறார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம் இருப்பதால் கான்டாக்ட் லென்ஸ் வேண்டும் என்கிறாள். கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, “இதே பவரில் லென்ஸ் இன்றைக்கே தருகிறோம்” என்றார்கள். காற்றும் மணலும் பட்டால் கண் அரித்து, எந்நேரமும் கசக்கிக்கொண்டிருப்பாள் என்பதால் வாங்காமல் வந்துவிட்டேன். என்னென்ன பரிசோதனைகள் செய்ய வேண்டும்? மதுரைக்குத்தான் போக வேண்டுமா?

பதில்: வாங்காமல் திரும்பி வந்தது மிகச் சரியான முடிவு. கண்ணாடி மூக்கின் மேல் உட்கார்கிறது. கான்டாக்ட் லென்ஸ் கருவிழியின் மேலேயே, கண்ணீர்ப் படலத்தில் மிதந்தபடி உட்கார்கிறது. ஆகவே பவர் பார்ப்பது ஒரு பரிசோதனை, லென்ஸ் பொருத்திப் பார்ப்பது வேறொரு பரிசோதனை; ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாகக் கொள்ள முடியாது. அதற்கும் மேலாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகள், அதாவது பவர் அடிக்கடி மாறுவதும், ஒரு கண்ணில் மட்டும் சிலிண்டர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இல்லாததைச் சரிசெய்யும் பவர்) கூடுதலாக இருப்பதும், கண்ணைக் கசக்கும் பழக்கமும், லென்ஸைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டிய ஒரு சந்தேகத்தை எழுப்புகின்றன.

முதலில் அந்தக் கம்ப்யூட்டர் பரிசோதனையைப் பற்றிச் சொல்கிறேன். முகவாயை வைத்து, பெட்டிக்குள் தெரியும் பலூனையோ வீட்டையோ பார்க்கச் சொல்லும் அந்தக் கருவி சில நொடிகளில் ஒரு பவரை அச்சிட்டுத் தருகிறது. அது தொடக்கக் கணக்கு மட்டுமே. இளம் வயதினரின் கண், அருகில் இருக்கும் படத்தைப் பார்க்கத் தன்னையறியாமல் கூர்ந்து குவிவதால், உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலான மைனஸ் பவரை அந்தக் கருவி காட்டிவிடக்கூடும். அதனால்தான் பவரைப் பரிசோதிக்கப் பயிற்சி பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் ஒருவர் ரெட்டினோஸ்கோப் என்னும் கைக்கருவியால் ஒளியை அசைத்துப் பார்த்து, பிறகு சோதனைச் சட்டத்தை மாட்டி, 6 மீட்டர் தொலைவில் இருக்கும் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்லி, “இது தெளிவா, அது தெளிவா” என்று ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிக் கேட்கிறார். நேரம் பிடிக்கும் வேலைதான். ஆயினும் சரியான பவர் இங்கேதான் கிடைக்கிறது. சிறு பிள்ளைகளுக்கும், பவர் நிலையில்லாமல் இருக்கும் இளைஞர்களுக்கும், கண்ணின் குவியும் தசையைச் சிறிது நேரம் தளர்த்தும் சொட்டு மருந்து விட்டு மறுபடியும் பார்ப்பது உண்டு. உங்கள் மகளுக்கும் ஒருமுறை அப்படிப் பார்ப்பது நல்லது.

இனி அந்தச் சந்தேகம். இருபது வயதை ஒட்டிய பருவத்தில், கண்ணை அழுத்திக் கசக்கும் பழக்கம் உள்ளவர்களில் சிலருக்குக் கருவிழி மெலிந்து, நடுப்பகுதியோ கீழ்ப்பகுதியோ கூம்பு போல முன்னால் பிதுங்கத் தொடங்குகிறது. இதற்குக் கெரடோகோனஸ் என்று பெயர். தொடக்கத்தில் வலியோ சிவப்போ இருக்காது. பவர் மாறிக்கொண்டே போவதும், சிலிண்டர் ஏறுவதும், இரண்டு கண்ணுக்கும் இடையே வேறுபாடு கூடுவதும்தான் வெளியே தெரியும் அடையாளங்கள். உங்கள் மகளுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று உறுதி செய்யாமல் லென்ஸ் போடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். கடையில் தந்த சீட்டு கைவசம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல கருவிகள் பவருக்குக் கீழே கருவிழியின் வளைவையும் அச்சிடும். அந்த அளவு பெரும்பாலோருக்கு 42 முதல் 46 டயாப்டருக்குள் (பவரை அளக்கும் அலகு) இருக்கும். 47, 48 என்று போனாலோ, இரு கண்ணுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தாலோ, கட்டாயம் கார்னியல் டோபோகிராஃபி என்னும் பரிசோதனையைச் செய்ய வேண்டும். நிலப்படத்தில் மேட்டையும் பள்ளத்தையும் நிறம் பிரித்துக் காட்டுவது போல, கருவிழியின் மேடு பள்ளங்களை வண்ணப்படமாகக் காட்டும் பரிசோதனை அது. வலியில்லை, சில நிமிடங்களில் முடிந்துவிடும். சீட்டில் அளவு இயல்பாகவே இருந்தாலும், மேற்சொன்ன மூன்றும் சேர்ந்திருப்பதால் உங்கள் மகளுக்கு நான் இதைத் தவிர்க்கவே மாட்டேன். கெரடோகோனஸ் தொடக்கத்திலேயே தெரிந்தால், ரிபோஃபிளேவின் சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தி, மேலும் மோசமாகாமல் நிறுத்த வழி இருக்கிறது. அந்நிலையில் பொருத்த வேண்டிய லென்ஸும் கடையில் எடுத்துக் கொடுக்கும் மென்மையான வகையாக இருக்காது. காற்று ஊடுருவும் கடின லென்ஸோ, கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமரும் ஸ்கிளீரல் லென்ஸோ தேவைப்படலாம்.

அரிப்பையும் தனியே பார்க்க வேண்டும். ஸ்லிட் லேம்ப் என்னும் உருப்பெருக்கியின் முன்னால் உட்காரவைத்து, மேல் இமையைப் புரட்டி உட்புறத்தைப் பார்ப்பார்கள். ஒவ்வாமை இருந்தால் அங்கே சிறுசிறு பருக்கள் தெரியும். பாம்பன் பக்கம் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணலும் உப்புத் துளியும் கண்ணில் அறைவதையும், கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் போனால் கரிமூட்டப் புகை சூழ்வதையும் நான் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிப்பை மருந்தால் அடக்கிய பிறகே லென்ஸ். இதற்காக மருந்துக் கடையில் தானாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் சில ஸ்டீராய்டு கலந்தவை. அவற்றை மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரை விழலாம். அப்படி ஏதாவது விட்டிருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண் அழுத்தத்தையும் அளப்பார்கள். பொதுவாக அது 10 முதல் 21 மி.மீ. பாதரச அளவுக்குள் இருக்க வேண்டும்.

கண்ணீரின் அளவும் தரமும் அடுத்தவை. மஞ்சள் சாயம் ஒரு துளி தொட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள். பத்து நொடிக்கு மேல் நின்றால் நல்லது. ஐந்துக்குள் உடைந்தால் லென்ஸ் அணிந்த கண் மாலைக்குள் உறுத்தத் தொடங்கும். அந்தச் சாயம் மென்மையான லென்ஸில் ஏறிக்கொள்ளும் என்பதால், சோதனைக்குப் பின் கண்ணை நன்றாகக் கழுவிய பிறகே லென்ஸ் வைக்க வேண்டும்.

மைனஸ் 5.00 தாண்டிய கண் பெரும்பாலும் நீளமாக வளர்ந்த கண் என்பதால், அதன் விழித்திரை ஓரங்களில் இழுபட்டு மெலிந்திருக்கக்கூடும். கண்பாவையை விரியச் செய்யும் மருந்து விட்டு விழித்திரையின் ஓரம் வரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். லென்ஸ் போட்டாலும் கண்ணாடி போட்டாலும் இந்தப் பரிசோதனைக்கு விலக்கு இல்லை. மருந்து விட்ட பிறகு நான்கைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் எழுத்து தெரியாது. அன்றைக்கு அவள் தானே ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு பாம்பன் பாலத்தில் வரக் கூடாது. நீங்கள் உடன் போய் பேருந்தில் அழைத்து வாருங்கள். பார்வை மங்கியிருக்கும் அந்த நாளில் லென்ஸ் பொருத்தம் பார்ப்பதும் பயன் தராது. குறைந்தது இரண்டு நாள் போய்வர வேண்டும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நலமாக இருந்தால் இரண்டாம் நாளில் பொருத்தம் பார்க்கலாம். கருவிழியின் வளைவையும் குறுக்களவையும் அளந்து, அதற்கேற்ற வளைவுள்ள சோதனை லென்ஸைக் கண்ணில் வைத்து, இருபது நிமிடமாவது உட்காரவைப்பார்கள். பிறகு ஸ்லிட் லேம்பில், இமைக்கும்போது லென்ஸ் இலேசாக நகர்கிறதா, கருவிழி முழுவதையும் மூடுகிறதா, ஒருபக்கம் ஒதுங்குகிறதா என்று பார்ப்பார்கள். நகராத லென்ஸ் இறுக்கமானது. போட்டவுடன் சுகமாகவே இருக்கும், ஆனால் அடியில் கண்ணீர் ஓடாது. கருவிழி ஆக்சிஜன் இன்றித் தவிக்கும். ஆகவே, “உறுத்தவில்லை” என்று பெண் சொல்வதை மட்டும் வைத்துப் பொருத்தத்தை முடிவு செய்ய முடியாது.

“இதே பவரில்” என்று கடைக்காரர் சொன்னதும் தவறு. கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மி.மீ. தள்ளி இருக்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே இருக்கிறது. மைனஸ் பவர் 4.00ஐத் தாண்டினால் இந்த இடைவெளியைக் கணக்கிட்டுக் குறைக்க வேண்டும். வலக் கண்ணின் மைனஸ் 5.00, லென்ஸில் மைனஸ் 4.75 ஆகும். இடக் கண்ணுக்கு 2.00 சிலிண்டர் இருப்பதால் சாதாரண லென்ஸ் போதாது. சிலிண்டரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் வேண்டும். அது கண்ணுக்குள் சுழலாமல் குறித்த கோணத்தில் நிற்க வேண்டும் என்பதால், அதன் ஓரத்தில் உள்ள சிறு கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவார்கள். இதை வைத்துப் பார்க்காமல் எழுதித் தரவே முடியாது.

அதே நாளில் அவளே கண்ணாடி முன் உட்கார்ந்து லென்ஸைப் போட்டுக் கழற்றிக் காட்ட வேண்டும். கழற்றத் தெரியாத பிள்ளையிடம் லென்ஸைக் கொடுத்து அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. விடுதிக் குழாய்த் தண்ணீரில் லென்ஸை அலசிப் போட்டுக்கொண்ட ஒரு மாணவியை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் நாள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாள். குழாய் நீர், உவர்க் கிணற்று நீர், ஊற்று நீர், காய்ச்சிய நீர், கேன் தண்ணீர் எதுவுமே லென்ஸில் படக் கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் லென்ஸில் ஒட்டிக்கொண்டு கருவிழிக்குள் இறங்கினால், மாதக்கணக்கில் மருத்துவம் பார்க்க வேண்டியிருக்கும், பார்வையும் போகலாம். லென்ஸுடன் கடலில் குளிப்பது, பாசி எடுக்க மூழ்குவது, ராமேசுவரம் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தங்களையும் தலையில் ஊற்றிக்கொள்வது ஆகிய எதுவும் ஆகாது. கழற்றிவிட்டுப் போக வேண்டும். லென்ஸுடன் தூங்கவும் கூடாது.

உங்கள் ஊருக்கு என் பரிந்துரை, ஒவ்வொரு நாளும் புதிதாகப் போட்டு இரவில் எறிந்துவிடும் லென்ஸ்தான். மாத லென்ஸைவிடச் செலவு கூடும் என்பது உண்மை; ஆனால் உப்பும் தூசியும் படிந்த லென்ஸை மறுநாள் போட வேண்டியதில்லை, ஊறவைக்கும் டப்பாவும் சொல்யூஷனும் தேவையில்லை. நிச்சயதார்த்தம் போன்ற சில நாட்களுக்கும் கல்லூரி விழாக்களுக்கும் மட்டும் அணிவதானால் இதுவே சிக்கனமாகவும் அமையும்.

மதுரையா, ராமநாதபுரமா என்பதை ஊரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நான்காண்டுப் பட்டம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் இருக்கிறாரா, ஸ்லிட் லேம்ப் இருக்கிறதா, சோதனை லென்ஸ்கள் இருக்கின்றனவா, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்களா என்று தொலைபேசியிலேயே கேளுங்கள். இந்த நான்கும் ராமநாதபுரத்திலேயே கிடைத்தால் பொருத்தம் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். டோபோகிராஃபிக்கும் விழித்திரைக்கும் கண் மருத்துவர் உள்ள மருத்துவமனை தேவை. அதற்கு ஒருமுறை மதுரைக்குப் போய்வர நேர்ந்தாலும் தயங்க வேண்டாம்.

ஆவணிக்குள் முடிய வேண்டுமானால் ஆனியிலேயே தொடங்குங்கள். அரிப்பு அடங்கவே சில வாரங்கள் ஆகும். லென்ஸ் கிடைத்ததும் முதல் நாள் நான்கு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரமாகக் கூட்டி எட்டு மணி நேரம் வரை பழக வேண்டும். ஒரு வாரம் கழித்து, லென்ஸைப் போட்டுக்கொண்டே போய்க் காட்ட வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று முதலில் லென்ஸ், பிறகு ஒப்பனை. மையை இமையின் உள்விளிம்பில் தீட்ட வேண்டாம். சிவப்போ வலியோ கூச்சமோ வந்தால் உடனே கழற்றி, அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அன்றைக்குப் போட்டுக்கொள்ள, புதிய பவரில் ஒரு கண்ணாடி அவளுடைய கைப்பையில் எப்போதும் இருக்கட்டும்.