நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நம்பியவன்தான்

வெப்பமண்டலத் தீவில் ஒரு வாரம் விடுமுறை, வெயிலைத் தாங்கவும் வேண்டும், ரசிக்கவும் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "மாநிறத்துக்காரர்களுக்கு சன்ஸ்கிரீன் தேவையா?" என்று ஒரு வால். அந்த வால்தான் என்னை எழுத வைக்கிறது.

நான் அப்படியொரு தீவுக்குப் போன முதல் நாள் வானம் முழுக்க மெல்லிய மேகம். வெயிலே இல்லையே என்று அலுத்துக்கொண்டு கடலில் இறங்கினேன். நீர்க்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, குப்புற மிதந்தபடி இரண்டு மணி நேரம் மீன்களைப் பார்த்தேன். தண்ணீர் ஜில்லென்று இருந்ததால் ஒன்றுமே தெரியவில்லை. இரவில் தோள்பட்டை காந்தத் தொடங்கியது. காலையில் முழங்காலின் பின்மடிப்பு விறைத்துப்போய், உட்காரவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. பாதி மடங்கிய கால்களோடு கழிவறைக்குப் போனேன். என் நிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாதே, எவர் நம்புவார்? நான்காம் நாள் தோல் உரிந்த பிறகுதான் நம்பினார்கள்.

தோலைப் பொசுக்குவது சூடு அல்ல, புற ஊதாக் கதிர். அது மெல்லிய மேகத்தைத் தாண்டி வரும். அரை மீட்டர் நீருக்கடியில்கூட மேற்பரப்பில் உள்ளதில் சுமார் 40 சதவீதம் இருக்கும். மாநிறம் ஓரளவு காக்கும், அவ்வளவுதான்.

உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் வேளையில் கூரைக்கடியில் படுத்துத் தூங்குங்கள். கடலை விடிந்ததும் சாயங்காலமும் வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை மணலில் வெறுங்காலோடு நடக்கும் சுகம் நண்பகலில் கிடைக்காது. நீந்தும்போது முழுக்கைச் சட்டை. எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் திறனைக் காட்டும் எண்) 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் தாராளமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கரையேறியதும் மறுபடியும் பூசுங்கள். முழங்காலின் பின்பக்கத்தை மறக்காதீர்கள்.

"வைட்டமின் டி வேண்டாமா?" என்று கிளம்புகிறவர்களுக்கு: வெயிலே கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் மருத்துவரும் அல்ல, களிம்பு விற்பவனும் அல்ல.

அகல விளிம்புத் தொப்பியும் எடுத்துப் போங்கள், ஆனால் யாருக்கும் இரவல் தராதீர்கள். என்னுடையதை முதல் நாளே அத்தான் "ஒரு படம் எடுத்துவிட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டார். நான் கால் மடங்கி நடந்ததைப் படமெடுத்து உறவினர் அத்தனை பேருக்கும் அனுப்பியவரும் அவரேதான். படம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தொப்பி வரவில்லை.