வெயில் மாதங்களைச் சுகமாகக் கழிக்க: டிரஸ்ஸர் ஐயா பதில்கள்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டார ரப்பர் தோட்டங்களில் டிரஸ்ஸராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெயில் நாட்களில் காசைக் கரைக்காமல் சந்தோஷமாக இருப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, வேலை முடிந்து ஐந்தரை மணிக்கு நடக்கப் போகிறேன். அனல் தாங்கவில்லை. நடையில் ஒரு சுகமும் இல்லையே?

தம்பி, கடிகாரத்தைப் பார்க்காமல் சூரியனைப் பாருங்கள். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி, கடலுக்கு அப்பாலுள்ள சபா, சரவாக் மாநிலங்களோடு ஒன்றாக்கினார்கள். அதனால் பேராவில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒன்றே கால் வாக்கில்தான். உங்கள் ஐந்தரை, வெயில் கணக்கில் நாலே கால். அனலடிக்கத்தானே செய்யும்?

காலைக்கு மாறுங்கள். ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, எட்டரை வரை இதமாக இருக்கும். ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் நெற்றி விளக்கோடு இருட்டிலேயே தங்கள் நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போனதும் இந்தக் குளிர்ச்சியை நம்பித்தான். வெயில் ஏறினால் மரத்துக்குள் நீரழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்பட்டுவிடும். செம்பனை ஓரமாக ஒரு நடை போய்விட்டு வந்து, அஞ்சடியில், அதாவது கடைவீதி நடைத்தாழ்வாரத்தில், உட்கார்ந்து கோப்பி குடித்துப் பாருங்கள். எனக்கு அதைவிடப் பெரிய சுகம் கிடையாது. வேலை நாளில் முடியாதா? சரி, மாலை ஏழுக்கு மேல் போங்கள்.

தமிழ்நாட்டு உறவினர் சொன்னார் என்று மண்பானை வாங்கினேன். தண்ணீர் குளிரவே இல்லை. பானை சரியில்லையா?

பானையில் குறையில்லை, தங்கச்சி. பானையின் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். தண்ணீர் குளிர்வது அதனால்தான். மதுரைப் பக்கம் கோடைக் காற்று காய்ந்திருக்கும். நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும், இரவில் இன்னும் குறைவு. பானையைச் சமையலறை மூலையில் வைக்காமல், நிழலும் காற்றும் உள்ள சன்னலோரம் வையுங்கள். பகலில் கொஞ்சம் குளிரும். ஐஸ் தண்ணீர் போல இருக்காது, ஆனால் அந்த மண்வாசனைக்கே குடிக்கலாம். அப்புறம், மூடி கட்டாயம். ஏடிஸ் கொசு சுத்தமான தண்ணீரைத்தான் தேடி வரும்.

ஏர்கோன் இல்லாமல் சமாளிக்க முடியுமா? கரண்டு பில் பயமாக இருக்கிறது.

பெரும்பாலான நாட்களில் முடியும். ஒரு குதிரைசக்தி ஏர்கோன் எட்டு மணி நேரம் ஓடினால் ஐந்தாறு யூனிட் இழுக்கும். 60 வாட் காற்றாடிக்கு அதே நேரத்தில் அரை யூனிட் போதும். சூடு பெரும்பாலும் சிங்க் தகரக் கூரையிலிருந்து இறங்குவது. மதியம் வெயில் படும் சன்னல்களை மூடி, பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். படுக்கும் முன் ஒரு குளியல் போடுங்கள். ஆனால் வீட்டில் முதியவரோ இருதய நோயாளியோ இருந்தால், கடும் வெயில் நாளில் சிக்கனம் பார்க்காதீர்கள். உடம்பு கொதித்துப் பேச்சுக் குழறினால் உடனே மருத்துவமனைதான்.

டுரியான் சாப்பிட்டால் சூடு ஏறுமா?

சூட்டைவிட அதன் மாவும் சர்க்கரையும்தான் கவனிக்க வேண்டியவை. 100 கிராம் சுளையில் ஏறக்குறைய 150 கலோரி இருக்கிறது. இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் ஒரு சுளையோடு நிறுத்துங்கள். மற்றவர்கள் குடும்பமாக உட்கார்ந்து ஆசை தீரச் சாப்பிடுங்கள்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கடை ஐஸ்கிரீமுக்கு அடம் பிடிக்கிறார்கள்.

நீளமான மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி உறைய வைக்கும் 'ஐஸ்கிரீம் மலேசியா'வை அவர்களையே செய்ய விடுங்கள், அம்மா. ஆசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) போட்ட எலுமிச்சைச் சாறு, மைலோ, தேங்காய்ப்பாலும் குலா மலாக்காவும் (பனைவகை வெல்லம்) கலந்தது என்று ஆளுக்கொரு ருசி. கலவை கொஞ்சம் தூக்கலாக இனிக்கட்டும், உறைந்தபின் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும். பையை முழுக்க நிரப்ப வேண்டாம். தண்ணீர் உறையும்போது பெருக்கும், முடிச்சு பிய்ந்துவிடும்.