புத்தகமும் வரவில்லை, பதிலும் வரவில்லை

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுக் கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகை விளையாட்டை ஞாயிறுதோறும் ஆடுகிறோம். தமிழில் அப்படியொரு விளையாட்டுப் புத்தகம் போடுவதாக நான்கு பேர் சேர்ந்து முன்பதிவு வாங்கினார்கள். தலைக்கு 1,200 ரூபாய் ஜிபேயில் அனுப்பினோம். பொங்கலுக்குக் கையில் இருக்கும் என்றார்கள். ஆடி பிறந்துவிட்டது. "வேலை நடக்கிறது" என்ற பதிலும் சித்திரையோடு நின்றுபோனது. காத்திருப்பதா, பணத்தைக் கேட்பதா?
– வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: புத்தகம் ஆறு மாதம் தள்ளிப்போவது இந்தத் துறையில் நடக்கிற விஷயம்தான். மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதாமல் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒருவர் விதிகளை எழுதுவார், இன்னொருவர் கதைக்களம், வேறொருவர் படம், நான்காமவர் பக்க வடிவமைப்பு. பெரும்பாலும் எல்லோருக்கும் பகலில் வேறு வேலை இருக்கும். விதிகளை ஆடிப் பார்த்து ஒன்றை மாற்றினால், அதைத் தொட்டு நிற்கும் பத்து இடங்களைத் திருத்த வேண்டும். எழுத்து முடியாமல் வடிவமைப்பைத் தொட முடியாது, அது முடியாமல் பக்க எண்ணோ அச்சுச் செலவோ தெரியாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். "அவர் அனுப்பட்டும், சொல்லலாம்" என்று நால்வருமே இருந்துவிட, வாங்கியவருக்குத் தகவல் சொல்வது யார் பொறுப்பும் இல்லாமல் போகிறது.

அதனால் "எப்போது வரும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத்து முடிந்ததா, படங்கள் எத்தனை பாக்கி, அச்சகத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டதா, இனிமேல் பதில் சொல்லப்போவது யார் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்து முடிந்திருந்தால் பிடிஎஃப் கேட்பதில் தவறில்லை. அச்சுக்கு முன்பே பிடிஎஃப் கொடுத்துப் பிழை திருத்திக்கொள்வது இந்த விளையாட்டுப் பதிப்பில் பழகிய வழக்கம். சிவகாசியில் அச்சடிப்பதாக இருந்தால் தேதியை இப்போதே உறுதி செய்யச் சொல்லுங்கள். ஆடிப்பெருக்குக்குப் பிறகு அங்கே காலண்டர், டைரி வேலை நெருக்கும்.

பதிலுக்கு 15 நாள் கொடுங்கள். வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். விலை சொல்லி, தேதி சொல்லி முன்பணம் வாங்கியிருந்தால் அது விற்பனை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் நுகர்வோர். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அப்புறமும் தீராவிட்டால், விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். ஜிபே ரசீது, முன்பதிவு விளம்பரம், வந்த செய்திகள் எல்லாவற்றையும் ஐந்து பேருமே எடுத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். கிக்ஸ்டார்ட்டர் போன்ற கூட்டுநிதித் தளம் வழியாகக் கொடுத்திருந்தால் கணக்கு வேறு. அங்கே நீங்கள் கொடுப்பது ஒரு முயற்சிக்கான ஆதரவு, கடையில் வாங்குவது போல் அல்ல. ஆனாலும் முடிக்க முடியாதவர் பணம் எப்படிச் செலவானது என்று விளக்கி, மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று கிக்ஸ்டார்ட்டர் விதியே சொல்கிறது. உங்கள் பணம் ஜிபேயில் நேராகப் போயிருக்கிறது, அந்தக் குழப்பம் உங்களுக்கு இருக்காது.