பதில்: ஆய்வேடு தள்ளிப்போகிறது, வழிகாட்டி முகத்தில் விழிக்க முடியவில்லை

வணக்கம். அத்தியாயத்தை முடிக்காமல், வழிகாட்டியின் மின்னஞ்சலுக்கு மூன்று வாரமாகப் பதிலும் போடாமல், "நான் சோம்பேறி, எதற்கும் லாயக்கில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

கெடு தவறியது உங்கள் பொறுப்புதான், அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். மற்றதெல்லாம் வெறும் வசவு. அந்த வசவால்தான் இன்பாக்ஸைத் திறக்கவே பயம் வருகிறது. பயத்தில் இன்னும் ஒரு நாள் போகிறது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலாமாண்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2010-ல் வெளிவந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டினால்தான் திருந்துவோம் என்று நம்பி வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

சரி, இன்றைக்கு நான்கு வரி எழுதுங்கள்: "பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். அத்தியாயம் பாதியில் நிற்கிறது. தரவுப் பகுப்பாய்வில் சிக்கிக்கொண்டேன். கையில் இருப்பதை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன்." நீளமான காரணக் கதை வேண்டாம், உங்களைத் தாழ்த்தும் வரியும் வேண்டாம்.

அப்புறம், தூக்கமும் பசியும் போய்விட்டதாகக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்களே, அதற்கு மருத்துவரைப் பார்ப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.