சைலன்சரைத் திறந்தால் பெட்ரோலையும் கூட்ட வேண்டும்: செயின்சா கேள்வி பதில்

மரம் அறுக்கும் மெஷினின் வேகத்தைக் கூட்ட முயன்று, அதனால் வந்த கோளாறுகளோடு எழுதியவர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பேராவூரணி தென்னை விவசாயி: ஐயா, என்னிடம் இருப்பது 45 சிசி மெஷின். சைலன்சரில் கூடுதலாக ஒரு துளை போட்டேன். இரண்டு நாள் அருமையாக அறுத்தது. மூன்றாம் நாள் வெட்டின் நடுவே கீச்சென்று சத்தமிட்டு நின்றுவிட்டது. இப்போது கயிற்றை இழுத்தால் கனமாக இருக்கிறது. துளை போட்டது தவறா?

துளை போட்டது தவறில்லை. அதன்பின் கார்புரேட்டரைத் தொடாமல் விட்டதுதான் தவறு. புகை எளிதாக வெளியேறும்போது உள்ளே வரும் காற்றும் கூடுகிறது. பெட்ரோல் அதே விகிதத்தில் கூடாவிட்டால் கலவை மெலிந்து, வெப்பம் ஏறுகிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் பிஸ்டனுக்குக் கிடைக்கும் மசகும் குறைந்துவிடுகிறது. உங்கள் மெஷின் கடைசியாகக் கத்தியது இந்தப் பசியால்தான்.

சைலன்சரைக் கழற்றி, அந்த வாய் வழியாக டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரிந்தால் பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட வேண்டும். சிலிண்டர் சுவரில் வெள்ளிப் பூச்சு போல ஒட்டியிருப்பது பெரும்பாலும் பிஸ்டனிலிருந்து உருகி ஒட்டிய அலுமினியம்தான். நுண்ணிய எமரித் தாளால் பொறுமையாகத் தேய்த்தால் வந்துவிடும். தேய்த்த பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்காமல் வழுக்கினால் அதே சிலிண்டரை வைத்துக்கொள்ளலாம்.

மீண்டும் பூட்டியதும் எச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகு, H) கடிகாரமுள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திறந்து, மெஷின் சூடான பிறகு முழு ரேஸ் கொடுத்துக் கேளுங்கள். பளு இல்லாதபோது ஒலி விட்டுவிட்டுக் கரகரக்க வேண்டும். பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மரத்தில் இறங்கியதும் அந்தக் கரகரப்பு மறைந்து ஒரே சீராக வேண்டும். தூக்கியதும் மறுபடி கரகரக்க வேண்டும். மரத்துக்குள்ளும் கரகரத்தால் பெட்ரோல் அதிகம். வெளியே கூர்மையாக ஒரே சீராகக் கத்தினால் குறைவு, உடனே நிறுத்திவிடுங்கள்.

ஓசூர்: துளை எவ்வளவு பெரிதாக இருக்கலாம்?

சிலிண்டரின் புகை வாயின் பரப்பில் 70 முதல் 80 சதவீதம் வரை வெளிவழி இருந்தால் போதும். உதாரணமாக, வாய் 24க்கு 12 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 288 சதுர மில்லிமீட்டர். சைலன்சரில் ஏற்கெனவே 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை இருந்தால் அது ஏறத்தாழ 177. அதனுடன் 8 மில்லிமீட்டர் துளை ஒன்று சேர்த்தால் 227 ஆகிவிடும். அதற்கு மேல் திறந்தால் சத்தம்தான் கூடும்.

சைலன்சரை மெஷினிலிருந்து கழற்றித் துளையிடுங்கள். பிறகு இரும்புத் தூள் ஒன்றுகூட மிஞ்சாதபடி பெட்ரோலில் அலசுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் புகை அலை திரும்பி வரும்போது அந்தத் தூளைச் சிலிண்டருக்குள் இழுத்துக்கொள்ளும். புதிய துளை பிளாஸ்டிக் உறையையோ உங்கள் கையையோ பார்த்திருக்கக் கூடாது. தீப்பொறி வலையைக் கழற்றி எறியவும் வேண்டாம். சவுக்குத் தோப்பில் காய்ந்த சருகின்மேல் நின்று அறுப்பவருக்கு அந்தச் சிறு வலைதான் காவல். கரி அடைத்திருந்தால் சுத்தம் செய்து மாட்டுங்கள். சில மெஷின்களில் இழந்த வேகம் அதிலேயே திரும்பிவிடும்.

தென்காசி: என் மெஷினில் எச் ஸ்க்ரூவே இல்லை.

அது பெரும்பாலும் நிலையான ஜெட் உள்ள, அதாவது பெட்ரோல் அளவைக் கையால் மாற்ற முடியாத, கார்புரேட்டர். ஸ்க்ரூ உள்ள கார்புரேட்டரைப் பொருத்தும்வரை சைலன்சரில் கை வைக்காதீர்கள்.

கோத்தகிரி: காதால் கேட்டுச் சரியாகத்தான் டியூன் செய்தேன், கரகரப்பும் இருந்தது. ஆனாலும் பிஸ்டன் போய்விட்டது.

உங்கள் மெஷினில் வேகக் கட்டுப்பாடு உள்ள காயில் (பிளக்குக்குப் பொறி தரும் பாகம்) இருந்திருக்கலாம். உச்ச வேகத்தைத் தொட்டதும் அது பொறியை வெட்டி வெட்டி விடும். அப்போது எழும் ஒலி, பெட்ரோல் அதிகமானால் வரும் கரகரப்பைப் போலவே இருப்பதால் தேர்ந்த காதும் ஏமாந்துவிடும். இத்தகைய மெஷினுக்கு, எஞ்சின் சுற்றும் வேகத்தை அளக்கும் டாகோமீட்டர் அவசியம். கட்டுப்பாடு தொடங்கும் வேகத்துக்கும் தயாரிப்பாளர் சொன்ன உச்ச வேகத்துக்கும் கீழேயே கரகரப்பு வரும்வரை எச் ஸ்க்ரூவைத் திறந்து வையுங்கள்.

மன்னார்குடி: சில வருடங்களுக்கு முன் செய்த டியூனிங்கை மாற்றவே இல்லை, இப்போது மெஷின் அதிகமாகச் சூடாகிறதே?

பெட்ரோல் மாறிவிட்டது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பழைய ஸ்க்ரூ நிலையிலேயே கலவை மெலிந்துவிடுகிறது; எச் ஸ்க்ரூவைச் சிறிது திறந்து மறுபடி கேட்டுப் பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், கலந்த பெட்ரோலை டாங்கில் வாரக்கணக்கில் விடாதீர்கள். உங்கள் டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) 50:1 வகை என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 வகை என்றால் 40 மில்லி. கண்ணளவில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள்.

திண்டுக்கல்: பிஸ்டன் மாற்றிப் பூட்டிய பிறகு, திராட்டிலை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை, ஐடிலில் செயினும் சுற்றுகிறது. ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்தால் நின்றுவிடுகிறது.

எங்கோ காற்று கசிகிறது. ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அதை மறைக்க முடியாது. புகை வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் தாள் வைத்து அடைத்து, பிஸ்டனைக் கீழே இறக்கி, பிளக் துளை வழியாக அரை பார் அழுத்தத்துக்குக் காற்று அடியுங்கள். சிலிண்டர் அடியிலும், கிராங்க் ஆயில் சீல்களிலும், கார்புரேட்டருக்குப் பின்னுள்ள ரப்பர் குழாயிலும் சோப்பு நீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டிவிடும். அதைச் சரிசெய்யாமல் ஓட்டினால் புதுப் பிஸ்டனும் பழையதின் வழியே போகும்.

பட்டுக்கோட்டை: எஞ்சினைத் தொடாமல் வேகம் கூட்ட வழி உண்டா?

உண்டு, என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் அதைத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை உங்கள் பகுதியில் அறுத்தபோது, மண் ஒட்டிய அடிமரத்தில் இரண்டு மூன்று வெட்டிலேயே செயின் மழுங்கியதைப் பார்த்தேன். மெஷினுக்குச் சக்தி போதவில்லை என்றார்கள். ஆனால் பாரின் அடியில் துருவலுக்குப் பதிலாக மாவுதான் கொட்டிக்கொண்டிருந்தது. .325 அங்குல பிட்ச் செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் எடுத்து, எல்லாப் பற்களையும் ஒரே நீளத்துக்குத் தீட்டுங்கள். பல்லுக்கு முன்னுள்ள தடுப்பு மேட்டைப் பல்லின் முனையைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக வையுங்கள். வேகத்துக்கு ஆசைப்பட்டு அதை மேலும் அராவினால் செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், கிளட்ச் எரியும், பார் முனை முகத்தை நோக்கி எகிறும்.