மகளுக்கு எக்செல் நன்றாக வருகிறது, அது போதுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற சனிக்கிழமை, தோட்டத்துச் சம்பளக் கணக்குப் பார்க்கும் உங்கள் மகள் என்னிடம் ஆலோசனை கேட்டுவிட்டு முன்னால் இறங்கிப் போன பிறகு, நீங்கள் மட்டும் படியில் நின்று கேட்டீர்கள்: “பிள்ளைக்கு எக்செல் தண்ணீர் பட்ட பாடு. முதலாளி சம்பளத்தை 2,000 வெள்ளியாக (ரிங்கிட்) ஏற்றித் தருகிறேன் என்கிறார். இதை விட்டுவிட்டு மூன்று வருடம் கணக்கியல் படிக்கத்தான் வேண்டுமா ஐயா? வேண்டுமானால் இரண்டு வார எக்செல் வகுப்புக்கு அனுப்புகிறேனே.” சுங்கை சிப்புட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் பஸ்சுக்கு நேரமாகிவிட்டதால் அன்று அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

மாதா மாதம் கைக்கு வரும் பணத்தை விடச் சொல்வது எனக்கு எளிதல்ல. தம்பியின் டியூஷன் செலவு அந்தப் பணத்தில்தான் போகிறது என்பதையும் சொன்னீர்கள். ஆனாலும் அவள் கணக்கியல் படிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். அதற்கான காரணம், அவள் என்னிடம் திறந்து காட்டிய சம்பளக் கோப்பிலேயே இருக்கிறது.

செம்பனைக் குலை வெட்டுபவர்கள், உதிரிப் பழம் பொறுக்குபவர்கள், லோரி ஓட்டுபவர்கள் என்று 61 பேரின் பெயர்கள். தலைப்புக்குப் பச்சை, பிடித்தத்துக்கு மஞ்சள் என்று அழகாக வண்ணம் தீட்டியிருந்தாள். மேலே ஒரு கட்டத்தில் மொத்தச் சம்பளம். அந்தக் கட்டத்தைச் சொடுக்கிப் பார்த்தேன். நான்காம் வரிசையிலிருந்து 61ஆம் வரிசைவரை கூட்டு என்று சூத்திரம் சொன்னது. பெயர்களோ 64ஆம் வரிசைவரை ஓடின. புதிதாக வேலைக்குச் சேர்ந்த மூன்று பேரை அவள் அடியில் சேர்த்திருக்கிறாள். சூத்திரத்துக்கு அது தெரியவில்லை. திரை சிவக்கவில்லை, மணி அடிக்கவில்லை. மூன்று பேர் சம்பளம் குறைந்த மொத்தம், கொட்டை எழுத்தில் கம்பீரமாக நின்றது.

அவள் முகம் வாடிவிட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். இதே பிழையைப் பெயர்பெற்ற பேராசிரியர்களே செய்திருக்கிறார்கள். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகோஃப் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் 2010இல் நாடுகளின் கடன்சுமை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அரசாங்கங்கள் செலவைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட அரசியல்வாதிகள் அதை மேற்கோள் காட்டினார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ன்டன், வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். விடை ஒத்துவரவில்லை. மூலக் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தால், சராசரி எடுக்கும் சூத்திரம் 49ஆம் வரிசைவரை போகாமல் 44இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கிலேயே வரவில்லை. ஆய்வில் வேறு குறைகளும் இருந்தன; ஆனால் இந்த ஒரு பிழையைப் பேராசிரியர்களே ஒப்புக்கொண்டார்கள். கண்டுபிடித்தவர் ஒரு மாணவர் என்பதுதான் எனக்கு முக்கியம். எக்செலில் அவர் மற்றவர்களைவிட வேகமானவர் என்பதால் அது நடக்கவில்லை. ஒரு விடையை எப்படிச் சோதிப்பது என்று படித்திருந்தார்.

என் பெரியப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக இருந்தவர். விடியுமுன் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவார். ஆள் குரல் கொடுப்பார். பெரியப்பா செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறிப்பார். மாலையில் மண்டோரின் புத்தகத்தையும் செக்ரோலையும் அருகருகே வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். ஓர் எண்ணைத் திருத்த வேண்டுமானால் பழைய எண் தெரியும்படி ஒரு கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையொப்பச் சுருக்கம் இட வேண்டும். மாதக் கடைசியில் துரை, அதாவது தோட்ட நிர்வாகி, கையொப்பமிடாமல் ஒரு காசு நகராது. மெதுவான வேலைதான். ஆனால் ஒரு தொழிலாளியின் கூலியை மூன்று ஜோடிக் கண்கள் பார்த்தன. இன்று உங்கள் மகள் ஒருத்தி, ஒரு மடிக்கணினி. கைதவறி ஒரு சூத்திரத்தின்மேல் எண்ணைத் தட்டிவிட்டால் பழையது போன இடம் தெரியாது. தவறு வெளியே வரும் நாளில் எல்லா விரல்களும் அவளைத்தான் காட்டும். எனக்குள்ள பெரிய கவலை இதுதான்.

நான் இதைப் பட்டு அறிந்தவன். என் முதல் வேலை ஒரு நிறுவனத்தின் சம்பளப் பிரிவில். ஒருநாள் பெயர்களை அகரவரிசைப்படுத்தினேன். பெயர்ப் பத்தி மட்டும் நகர்ந்தது. சம்பளப் பத்தி இருந்த இடத்திலேயே இருந்தது. மொத்தம் காசு பிசகாமல் சரியாக இருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை, பட்டியல் வங்கிக்குப் போய்விட்டது. ஒருவர் சம்பளம் இன்னொருவருக்கு. மறுநாள் துப்புரவு வேலை செய்த ஓர் அம்மா சம்பளச் சீட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு என் மேசை முன் நின்றார். பள்ளி திறக்கும் வாரம் அது. அவருக்குச் சேர வேண்டியதில் பாதிகூட வந்திருக்கவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

பெரிய இடங்களில் இது உயிர்ப் பிரச்சினையாகவும் ஆகியிருக்கிறது. 2020இல் கோவிட் பரவிய நேரத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகளை எக்செலின் பழைய வகைக் கோப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்குமேல் இடமில்லை. அதைத் தாண்டியவை சத்தமில்லாமல் விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேரின் தொற்று அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிச் சொல்வதும் தாமதமாகிவிட்டது.

நம் மலேசியாவிலும் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் அடையாள அட்டை எண் 0இல் தொடங்கும். 2004இல் பிறந்த ஒருவரின் எண்ணைக் கோடு போடாமல் தட்டினால், எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முதல் சுழியத்தை விழுங்கிவிடும்; 12 இலக்கம் 11 ஆகிவிடும். சேமநிதிச் சந்தாவும் அப்படியே. 1,710 வெள்ளிச் சம்பளத்தை 11 விழுக்காட்டால் பெருக்கினால் 188.10 வரும். ஆனால் ஊழியர் சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி தொழிலாளி பங்கு 190 வெள்ளி. மகளின் கோப்பில் பெருக்கல்தான் இருந்தது. அந்த அட்டவணை ஒன்று உண்டு என்பதையே யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

எக்செல் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. விலை ஒப்பிட, ஒரு மாதச் செலவைத் திட்டமிட அதைப்போல் கைகொடுக்கும் கருவி இல்லை. 61 குடும்பங்களின் சோறு அதில் மட்டும், ஒருத்தியின் நினைவில் மட்டும் தொங்குவதுதான் ஆபத்து. இரண்டு வார வகுப்பு அவளை இன்னும் வேகமாகத் தட்ட வைக்கும். தப்பை எங்கே தேடுவது என்பது அதில் வராது. இரட்டைப் பதிவு முறை, வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தல், தணிக்கை, தரவுத்தளம் ஆகியவற்றை முறையாகப் படித்தவர்கள் அதை அறிவார்கள்.

முதலாளி சொல்லும் 2,000 வெள்ளியைப் பற்றியும் யோசியுங்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே இப்போது 1,700 வெள்ளி. முந்நூறு வெள்ளிக்காக அத்தனை பொறுப்பையும் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிறார்கள். மறுபக்கம், வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து தொடங்கி மின்விலைப்பட்டியலை (இ-இன்வாய்ஸ்) படிப்படியாகக் கட்டாயமாக்கி வருகிறது. பழைய எக்செல் கோப்புகளில் இருப்பதைப் பிசகில்லாமல் புதிய மென்பொருளுக்கு மாற்றத் தெரிந்த கணக்கர்களுக்கு வேலை இருக்கிறது. இரண்டும் தெரிந்த பிள்ளையாக அவள் வர முடியும்.

பாலிடெக்னிக் கணக்கியல் டிப்ளோமாவுக்கு அவள் விண்ணப்பிக்கட்டும். 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் ஈப்போவில் பக்கத்திலேயே இருக்கிறது. தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் அரசு பாலிடெக்னிக்கில் செலவு மிகக் குறைவு, அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடனும் கேட்டுப் பார்க்கலாம். வீட்டு நிலைமை விடவே விடாது என்றால், வேலையில் இருந்துகொண்டே லண்டன் வர்த்தக சபையின் பெயரிலுள்ள எல்சிசிஐ கணக்குப் பதிவுத் தேர்வுகளை எழுதலாம். ஆனால் முதலில் பாலிடெக்னிக். அதைக் கைகழுவிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டாம்.

அதுவரை வேலையில் அவள் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். மாதா மாதம் கோப்பின் ஒரு பிரதியைத் தேதியிட்டுத் தனியே வைக்கட்டும். பட்டியல் வங்கிக்குப் போகுமுன் இன்னொருவர் ஆள் எண்ணிக்கையையும் ஐந்து பேரின் சம்பளத்தையும் கையால் கணக்கிட்டுப் பார்த்து, காகிதத்தில் கையொப்பமிடட்டும். முதலாளியே அதைச் செய்தாலும் நல்லது. அத்தனை பேரின் அடையாள அட்டை எண்ணும் வங்கி எண்ணும் உள்ள கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழக்கத்தை உடனே நிறுத்தட்டும். 2010இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 முதல் நாட்டில் அமலில் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை அவள் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) சான்றிதழ் நகலோடு வரட்டும், விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம். மொத்தத்தில் விடுபட்ட அந்த மூன்று பேருக்கும் சம்பளம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று திங்கட்கிழமையே அவள் முதலாளியிடம் கேட்டுவிட வேண்டும். சனிக்கிழமைவரை அது காத்திருக்கக் கூடாது.